பாயிண்டு இருக்கு, ரூம் இருக்கா?
மும்பைக்கு குடும்பத்தோடு 2 நாள் கிளம்புகிறவர்கள் கவனிக்க!

- நமது நிருபர் -

"கையில் இருந்து காசு எடுக்காமலே 5 நட்சத்திர ஓட்டலில் குடும்பத்தோடு தங்கலாம் சார்!"

கிரெடிட் கார்டு விற்க போன் செய்கிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மின்சார ரெயிலில் ஒற்றைக்காலில் நிற்கும்போது பார்த்து இந்த போன் வருகிறது.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் முழுசாகச் சொல்வதும் இல்லை.

கார்டை தேய்த்தால் பாயிண்டு. பாயிண்டு சேர்ந்தால் ஓட்டல் ரூம். மளிகை, துணிமணி, மருந்து, பிரிட்ஜ் என்று தேய்த்துத் தேய்த்து 3, 4 வருடத்தில் பல வீடுகளில் 40 ஆயிரம், 50 ஆயிரம் என்று பாயிண்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பி கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும்போதுதான் சங்கதி தெரிகிறது.

இந்த வியாபாரத்துக்கு பிள்ளையார் சுழி போட்டது விமான கம்பெனிகள். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கு எழுத ஆரம்பித்தது. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் ஓட்டல்கள் அதே வழியில் இறங்கின. பத்து தடவை சாமான் வாங்கினால் எவர்சில்வர் டம்ளர் தரும் மளிகைக் கடைக்காரரின் தந்திரம்தான் இது. டம்ளர்தான் கொஞ்சம் பெரிசு.

48 ஆயிரம் பாயிண்டு

பாரிமுனையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர் அவர். வயது 46. பெயர் போடவேண்டாம் என்றார். (லீவு விஷயம் இன்னும் முதலாளிக்கு தெரியாதாம்.)

அவர் கார்டில் 48 ஆயிரம் பாயிண்டு சேர்ந்திருந்தது. அதை வைத்து மும்பையில் சனி, ஞாயிறு 2 இரவு தங்குவதென்று முடிவு. போவது 5 பேர். அவர், மனைவி, 15 வயது மகள், 9 வயது மகன், 74 வயது அம்மா.

அம்மாவுக்காகத்தான் இந்த பயணமே.

அந்த அம்மாளின் தகப்பனார் திருநெல்வேலியில் இருந்து பிழைக்கப்போய், மும்பை மாட்டுங்கா ரெயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். 12 வயது வரை அம்மாள் அங்கேதான் வளர்ந்தார். அப்புறம் ஊருக்கு வந்தவர், திரும்ப மும்பை பக்கம் போகவே இல்லை. இன்றைக்கும் "பம்பாய்" என்றுதான் சொல்கிறார்.

"அந்த தாஜ்மகால் ஓட்டல வெளிய நின்னுதான் பாத்திருக்கேன். எங்கய்யா தோள்ல தூக்கிட்டு காட்டுனாவ. உள்ள போகணும்னு அப்ப நெனச்சதுகூட கெடையாது" என்றார் அவர்.

மகன் உடனே, "தாஜிலேயே ரூம் போட்டுடறேம்மா" என்று வாக்கு கொடுத்துவிட்டார். அங்கேதான் முதல் இடி.

கடைக்கு கடை வேறு சீட்டு

எல்லா பாயிண்டும் எல்லா ஓட்டலிலும் செல்லாது. ஒரு சீட்டு கம்பெனியில் கட்டிய பணத்தை பக்கத்து கம்பெனியில் போய் கேட்கமுடியுமா? அதே கதைதான்.

தாஜ் ஓட்டல்கள் டாட்டா குழுமத்தைச் சேர்ந்தவை. அங்கே நியூகாயின் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. ஐ.டி.சி. ஓட்டல்களுக்கு தனி பாயிண்டு. மாரியட், ஹயாத், ஹில்டன், அக்கார் என்று வெளிநாட்டு சங்கிலி ஓட்டல்களுக்கு ஆளுக்கொரு கணக்கு. பேங்க் கார்டில் சேரும் பாயிண்டை, அந்த பேங்க் யார் யாருடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அந்த ஓட்டல் கணக்குக்கு மட்டும் மாற்றலாம்.

நமது கணக்கரின் பேங்க் பட்டியலில் தாஜ் இல்லை!

இரண்டாவது இடி அதைவிட பெரிசு. பட்டியலில் இருந்த ஒரு வெளிநாட்டு சங்கிலி ஓட்டலுக்கு மாற்ற, பேங்க் வைத்திருந்த விகிதம் இரண்டுக்கு ஒன்று. 48 ஆயிரம் கொடுத்தால் 24 ஆயிரம்தான் கிடைக்கும். பாதி அம்போ!

இந்த விகிதம் கார்டுக்கு கார்டு மாறும். கல்லில் எழுதியதும் அல்ல. பேங்குகள் நினைத்தால் மாற்றிவிடுகின்றன. ஓட்டல் கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. இந்த ஓட்டலுக்கு இத்தனை பாயிண்டு என்று மாரியட் வைத்திருந்த பட்டியல் 2022-ல் கைவிடப்பட்டது. இப்போது தேதிக்கு தேதி விலை ஏறி இறங்குகிறது. காய்கறி மார்க்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை மாற்றிய பாயிண்டு திரும்ப பேங்குக்கு வராது. ஆகவே ஓட்டலில் அந்த தேதிக்கு பாயிண்டு ரூம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு மாற்றவேண்டும். ஆசையில் மாற்றிவிட்டு ரூம் தேடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

மாற்றிவிட்டு மறந்தாலும் ஆபத்து. மாரியட், ஹில்டன் கணக்குகளில் 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் சேர்ந்தது முழுவதும் காலி.

முருங்கைக்காய் மாதிரி ஊர்

மும்பையில் ஓட்டல் பிடிக்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது நட்சத்திரத்தை அல்ல. வரைபடத்தை!

முருங்கைக்காய் மாதிரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர் அது. தெற்கு முனையில் கொலாபா. தாஜ் ஓட்டல், கேட்வே ஆப் இந்தியா, பெரிய மியூசியம் எல்லாம் அந்தப் பக்கம். ஏர்போர்ட் இருப்பது வடக்கே அந்தேரி, சகார் பக்கம். இடையே 25 கிலோ மீட்டருக்கு மேல். டிராபிக் மாட்டினால் காரில் 2 மணி நேரம் போனாலும் போகும்.

பாயிண்டுக்கு ரூம் தரும் சங்கிலி ஓட்டல்களில் பெரும்பாலானவை சகார், அந்தேரி, ஜூகு, பவாய், சாந்தாகுரூஸ் என்று வடக்கேதான் இருக்கின்றன. லோயர் பரேல் பக்கம் சில உண்டு. கொலாபா கடற்கரையை ஒட்டி பாயிண்டில் ரூம் பிடிப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் கேட்கிற பாயிண்டு தலை சுற்ற வைக்கும்.

முன்பெல்லாம், "ஏர்போர்ட் பக்கம் ரூம் போட்டால் பாதி நாள் ரோட்டிலேயே போகும்" என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். இப்போது நிலைமை மாறிவிட்டது.

ஆரே காலனியில் இருந்து தெற்கு முனை கப் பரேடு வரை 33.5 கிலோ மீட்டர் நீளத்துக்கு பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் வந்துவிட்டது. முதல் பகுதி 2024 அக்டோபரிலும், கடைசிப் பகுதி 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டன. மரோல், ஏர்போர்ட், பாந்திரா-குர்லா வளாகம், தாதர், சித்திவிநாயகர் கோவில், சி.எஸ்.எம்.டி., ஹுதாத்மா சவுக் என்று முக்கிய இடங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகிறது. ஏ.சி. வண்டி. படி ஏறமுடியாத பெரியவர்களுக்கு லிப்ட்.

எனவே நமது கணக்கர் மரோல் பக்கத்தில், மெட்ரோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு 4 நட்சத்திர ஓட்டலை பிடித்தார். 5 நட்சத்திரம் கனவு 4 ஆனது. ஆனால் அம்மாவை தாதர் வரை மெட்ரோவில் கூட்டிப்போய், அங்கிருந்து மின்சார ரெயிலில் ஒரே ஸ்டேஷன் போனால் மாட்டுங்கா வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த வசதி ஒரு நட்சத்திரத்துக்கு மேலேயே பெறும்.

இன்னொரு விஷயம். பாந்திரா, சயான் தாண்டி தெற்கே ஆட்டோ ஓட அனுமதி கிடையாது. டாக்சிதான். அம்மாள் சிறுவயதில் பார்த்த கறுப்பு-மஞ்சள் டாக்சி இன்னும் ஓடுகிறது. ஆனால் அதில் பழைய பிரிமியர் பத்மினி கார்கள் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன.

5 பேருக்கு ஒரு ரூமா?

ஓட்டல்காரர்கள் கண்ணில் குடும்பம் என்றால் 2 பெரியவர், 2 குழந்தை. பாட்டி அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பல ஓட்டல்களில் 12 வயது தாண்டினாலே பெரிய ஆள். ஆக 15 வயது மகளும் பெரியவர். 4 பெரியவர், ஒரு சிறுவன். ஒரு ரூமில் அடைக்கமுடியாது. பதிவு செய்யும்போது "2 பேர்" என்று போட்டுவிட்டு கவுண்டரில் போய் 5 பேராக நின்றால், கூடுதல் படுக்கைக்கு காசு கேட்பார்கள். இல்லையென்றால் இன்னொரு ரூம் எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலைக்கு! ராத்திரி நேரத்தில் பிள்ளைகுட்டியோடு நிற்கும் ஆள் என்ன பேரம் பேசமுடியும்?

அந்த மரோல் ஓட்டல் கேட்டது ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு 12 ஆயிரம் பாயிண்டு. கையில் மொத்தம் 24 ஆயிரம். 2 ரூம் போட்டால் ஒரே இரவு. 2 இரவு வேண்டுமென்றால் ஒரே ரூம்.

மனிதர் இரண்டு நாள் தூங்கவில்லை. கடையில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம் முழுவதும் இதே கூட்டல், கழித்தல்.

பாயிண்டுக்கு என்ன விலை?

கடைசியில் வழி காட்டியது அவருடைய தொழில்தான். பாயிண்டை காசாக்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை அந்த ஓட்டலில் கிராக்கி. ரூம் வாடகை ரூ.11 ஆயிரம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.12,980. அதற்கு 12 ஆயிரம் பாயிண்டு என்றால் ஒரு பாயிண்டு 1 ரூபாய் 8 காசு.

ஞாயிற்றுக்கிழமை அதே ரூம் ரூ.6,500-தான். 5 சதவீத வரி சேர்த்து ரூ.6,825. ஓட்டல் கேட்டதோ அதே 12 ஆயிரம் பாயிண்டு. இங்கே ஒரு பாயிண்டு 57 காசுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை 2 ரூமையும் பாயிண்டில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை 2 ரூமுக்கும் ரூ.13,650 கையில் இருந்து கட்டினார். மிச்சமானது ரூ.25,960. மாற்றியபோது பாதி போனதைச் சேர்த்துப் பார்த்தால்கூட, பேங்க் பாயிண்டு ஒன்றுக்கு 54 காசு கிடைத்திருக்கிறது. சில கார்டுகளில் பாயிண்டை பில்லில் கழித்தால் 25 காசுதான் தருகிறார்கள். இரும்புக் கடைக் கணக்கர் என்றால் சும்மாவா?

இந்த வரி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம். ரூ.7,500-ஐ தாண்டினால் 18 சதவீதம். ரூ.7,500 ரூம் வரியோடு ரூ.7,875-ல் முடியும். ரூ.7,600 ரூம் ரூ.8,968 ஆகும். 100 ரூபாய் உயர்ந்த ரூமுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் தண்டம்!

சனி ஒரு பதிவு, ஞாயிறு ஒரு பதிவு என்பதால், ஞாயிறு மதியம் "ரூமை காலி பண்ணுங்க, வேறு ரூம் தருகிறோம்" என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. இரண்டு பதிவையும் சேர்த்துவிடச் சொல்லி முன்கூட்டியே ஓட்டலுக்கு போன் செய்தார். 2 ரூமும் பக்கத்து பக்கத்தில், முடிந்தால் நடுவில் கதவு உள்ளதாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பாட்டியும் பேத்தியும் ஒரு ரூம்.

நடுவில் புகுந்த கில்லாடி

எல்லாம் முடிந்து டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி.

"உங்கள் ரிவார்டு பாயிண்டு ரூ.9,980 இன்று நள்ளிரவு காலாவதி ஆகிறது. உடனே இந்த ஆப்பை இறக்கி பணமாக பெற்றுக்கொள்ளுங்கள்."

கூடவே பேங்கின் சின்னம். ஒரு ஏ.பி.கே. பைல்.

அவர் விரல் வைக்கப்போனார். பக்கத்தில் இருந்த மகள் கையைத் தட்டிவிட்டார்.

"அப்பா, நம்ம பாயிண்டத்தான் ஓட்டலுக்கு மாத்தியாச்சே! இது எந்த பாயிண்டு?"

அவ்வளவுதான். அவருக்கு வேர்த்துவிட்டது. அந்தக் கணக்கில்தான் சம்பளப் பணம், மகளின் பள்ளிக்கூட பீஸ், கடைக்கு வசூலித்து மறுநாள் கட்டவேண்டிய பணம் எல்லாம் கிடந்தது.

இது மும்பையிலும் நடக்கிறது, மூலக்கடையிலும் நடக்கிறது. அந்த பைலை இறக்கினால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்களை எல்லாம் மோசடி ஆசாமி உட்கார்ந்த இடத்தில் இருந்தே படிப்பான். அப்புறம் கணக்கில் இருப்பதை லபக்கென்று விழுங்க எத்தனை நேரம் ஆகும்? ஸ்டேட் பேங்க் பெயரில் உலவிய இப்படிப்பட்ட செய்தி போலி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2024-ல் எச்சரித்தது. எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் மூலம் ஏ.பி.கே. பைல் அனுப்புவதே இல்லை என்கிறது பேங்க்.

இன்னொரு கூட்டம், இல்லாத ஓட்டலுக்கும் இருக்கிற ஓட்டலுக்கும் போலி இணையதளம் திறந்து வைத்துக்கொண்டு முன்பணம் கறக்கிறது. யாத்திரை போகிறவர்களை குறிவைக்கும் இந்த மோசடி பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை எச்சரிக்கை விட்டது. கூகுளில் முதலில் வரும் டெலிபோன் நம்பர் ஓட்டலின் நம்பர்தான் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-க்கு போன் செய்யவேண்டும். பணம் கை மாறிக்கொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு வழியிலேயே முடக்கமுடியும்.

திருடன் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறான் என்றும் நினைக்கவேண்டாம். 2014-ல் அமெரிக்காவில் ஹில்டன் வாடிக்கையாளர்கள் பலரது கணக்கில் இருந்து பாயிண்டு களவு போனது. அப்போது அந்தக் கணக்குக்கு பூட்டு, வெறும் 4 இலக்க எண்தான்! மாரியட் கம்பெனியோ, தான் வாங்கிய ஸ்டார்வுட் ஓட்டல்களின் பதிவுக் கம்ப்யூட்டரில் ஆள் புகுந்துவிட்டதை 2018 நவம்பரில் அறிவித்தது. கோடிக்கணக்கானவர்களின் விவரம், லட்சக்கணக்கான பாஸ்போர்ட் எண்கள் வெளியே போய்விட்டன. இங்கிலாந்தில் 2020-ல் அந்த கம்பெனிக்கு 1 கோடியே 84 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கவுண்டரில் கவனம்

ஓட்டலில் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். பாட்டிதானே என்று ஆதாரை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சிக்கல். எண்ணின் முதல் 8 இலக்கத்தை மறைத்துத் தரும் ஆதார் பிரதியும் இருக்கிறது. ஜெராக்ஸ் கொடுக்க அது நல்லது. யார் பெயரில் பாயிண்டு பதிவோ அவர் நேரில் இருக்கவேண்டும்.

பாயிண்டு ரூம்தானே, காசு எதற்கு என்று கேட்கக்கூடாது. முன்பணமாக ஒரு தொகையை கார்டில் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டை நீட்டினால் அந்தப் பணம் திரும்ப கணக்குக்கு வர சில நாள் ஆகலாம். கையில் வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்டு ரூமில் பெரும்பாலும் காலை டிபன் சேர்த்தி இல்லை. பெரிய ஓட்டலில் ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்கூட தீட்டுவார்கள். 5 பேர், 2 நாள் என்றால் 10 ஆயிரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! மாட்டுங்காவில் தென்னிந்திய டிபன் கடைகளுக்கு பஞ்சமே இல்லை. 1942 முதல் நடக்கும் ராம நாயக் சாப்பாட்டுக்கடை ஸ்டேஷனுக்கு பக்கத்திலேயே இருக்கிறது. வாழை இலை போட்டு சாப்பாடு. பாட்டிக்கு அங்கே வழி கேட்கவேண்டிய அவசியம் இருக்காது.

தாஜ் ஓட்டலுக்கு போகவேண்டுமானால் ரூம் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. உள்ளே கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து காபி குடிக்கலாம். விலை காபிக்கு அல்ல, நாற்காலிக்கு என்று மனதைத் தேற்றிக்கொள்ளவேண்டும். 1903-ல் திறந்த ஓட்டல் அது. எதிரே நிற்கும் கேட்வே வளைவு கட்டி முடிந்தது 1924-ல்தான். 2008 நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிறகு வாசலிலேயே பை, பெட்டி எல்லாம் சோதனைக் கருவிக்குள் போய்த்தான் வரும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியையும் விடமாட்டார்கள்.

அந்தச் செலவுக்கு கணக்கர் தனியாக ரூ.5 ஆயிரம் எடுத்துவைத்திருக்கிறார். ஒரு கவரில் போட்டு, மேலே "அம்மா - காபி" என்று எழுதி பீரோவில் இருக்கிறது.

கேட்வேயில் இருந்து எலிபெண்டா குகைக்கு படகு போகிறது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். 2024 டிசம்பர் 18-ந்தேதி அந்த வழியில் போன ஒரு பயணிகள் படகு மீது கடற்படை படகு மோதி 10-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லைப் ஜாக்கெட் கொடுத்தால்தான் ஏறவேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். கணக்கர் குடும்பம் திங்கட்கிழமை மதியம் ரூமை காலி செய்கிறது. குகைக்கு அன்றைக்குப் போகலாம் என்று முதலில் எழுதி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை எலிபெண்டாவுக்கு விடுமுறை. ஞாயிறு காலை முதல் படகுக்கு மாற்றிவிட்டார்கள்.